உடற்பயிற்சி வகுப்பு வீணான நேரமா?

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்' என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழியைக் கட்டுரைப் போட்டியில் எழுதாத மாணவி நம்மில் யாரும் இல்லை. ஆனால் பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்ததும் சித்திரம் மட்டுமே எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, சுவரை மறந்துவிடுகிறோம். கால அட்டவணையில் பி.டி. என்று எழுதியிருக்கும் கட்டத்தில் ஒரு வாரம் கணிதம் வந்து உட்காருகிறது. அடுத்த வாரம் அறிவியல். பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பும்போது அந்தக் கட்டமே இருப்பதில்லை. இது ஒரு பள்ளியின் வழக்கம் அன்று. பொதுத்தேர்வு நடக்கும் எந்த ஊரிலும் காணக்கூடிய வழக்கம்தான்.

இதற்கு ஆசிரியர்கள் மீதோ பெற்றோர் மீதோ குறை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. எல்லோரும் எங்கள் நன்மைக்காகவே செய்கிறார்கள் என்பதை அறிவோம். ஆயினும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. உடற்பயிற்சி வகுப்பை எடுத்துவிட்டால் படிப்புக்கு நேரம் கூடும். ஆனால் படிப்பில் செல்லும் கவனம் கூடாது. அதோடு, உடற்பயிற்சி என்று பெயர் வைத்து எதையாவது செய்தால் போதாது. ஒவ்வொரு வகைப் பயிற்சியும் உடலுக்கும் மனத்துக்கும் ஒவ்வொரு வேலையைச் செய்கிறது. எந்தப் பயிற்சி எதைத் தரும் என்று அறிந்து செய்தால், வாரத்தில் இரண்டு பீரியடுகளே பெரும்பயன் தரும்.

முதலில் தசை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இதற்கு நம் கஞ்சமலையை விடச் சிறந்த ஆசிரியர் இல்லை. மலை ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கிச் சுருங்கி நம் உடலை மேலே தூக்குகிறது. மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது. இறங்கும்போது மூச்சு வாங்குவதில்லை. 'இறக்கம் எளிது' என்று எண்ணுகிறோம். ஆனால் அப்போது அதே தசை நீண்டுகொண்டே நம் எடையைத் தாங்கி, விழாமல் தடுக்கும் பிரேக் போல வேலை செய்கிறது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் மாடிப்படி இறங்க முடியாமல் தொடை வலிப்பதற்கு ஏறியதைவிட இறங்கியதே பெரிய காரணம். மூன்றாவது வகை ஒன்று உண்டு. இடுப்பில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும்போதும், காலைக் கூட்டத்தில் நேராக நிற்கும்போதும், பரதநாட்டியத்தில் அரைமண்டியில் நிற்கும்போதும் தசை குறுகுவதும் இல்லை, நீளுவதும் இல்லை, ஆனாலும் உழைக்கிறது. சுருங்கித் தூக்குவது, நீண்டு தாங்குவது, அசையாமல் பிடிப்பது என்ற இம்மூன்றையும் கலந்து செய்தால்தான் தசை முழுமையாகப் பழகும்.

இனி சமநிலையைப் பற்றிப் பார்ப்போம். தோழியரே, இதைப் படிக்கும்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். சுவருக்கு அருகில் ஒற்றைக் காலில் நில்லுங்கள், எளிதாக இருக்கும். இப்போது கண்களை மூடுங்கள். கணுக்கால் இங்கும் அங்கும் ஆடத் தொடங்கும். சில நொடிகளில் சுவரைப் பிடித்துவிடுவோம். ஏன்? நாம் விழாமல் நிற்பதற்கு மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி போகிறது. கண் ஒன்று. உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்கள் முதலிய உறுப்புகள் இரண்டாவது. தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள நுண்ணிய உணர்வு உறுப்புகள் மூன்றாவது. கண்ணை மூடியதும் மற்ற இரண்டும் பாரம் முழுவதையும் சுமக்கின்றன. கண்ணால் பாராமலே கை கால் எங்கே இருக்கிறது என்று அறியும் இந்த உணர்வுக்கு 1906ஆம் ஆண்டில் பெயரிட்டவர் ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். நரம்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1932இல் நோபல் பரிசை மற்றொருவருடன் பகிர்ந்துகொண்டவர் இவரே.

இம்மூன்று செய்திகளையும் ஒன்றுசேர்த்துத் தசைகளின் அசைவைச் சீர்செய்வதில் சிறுமூளைக்குப் பெரும்பங்கு உண்டு. பழகப் பழக இவ்வேலை விரைவாகிறது. ஆனால் ஓடி ஓடிக் கால் தளர்ந்த உடனே ஒற்றைக் காலில் நின்றால் அதிகமாக ஆடுகிறோம். களைத்த தசை சரியான செய்தியை அனுப்புவதில்லை. ஆகவே சமநிலைப் பயிற்சியைக் களைப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். நன்றாக ஓடத் தெரிந்தவர்களுக்கெல்லாம் நன்றாக நிற்கத் தெரியும் என்றும் எண்ண வேண்டாம். எதைப் பழகுகிறோமோ அதுவே கைகூடும்.

சரி, இதற்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று பெற்றோர் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. ஜெர்மனி நாட்டில் 13 வயது முதல் 16 வயது வரையுள்ள மாணவர்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. அவர்கள் எங்கள் வயதுப் பிள்ளைகள்தாம். ஒரு குழுவினர் 10 நிமிடம் வழக்கமான விளையாட்டுப் பயிற்சி செய்தார்கள். மற்றொரு குழுவினர் அதே 10 நிமிடம் இரு கைகளையும் கால்களையும் ஒருங்கிணைத்துப் பந்தைக் கையாளும் பயிற்சிகளைச் செய்தார்கள். பிறகு இரு குழுவுக்கும் ஒரு கவனத் தேர்வு. ஒரே மாதிரி தோன்றும் எழுத்துகள் வரிசை வரிசையாக அச்சிட்ட தாளில் குறிப்பிட்ட அடையாளம் உள்ள எழுத்தை மட்டும் தேடி விரைவாகக் கோடிட வேண்டும். இரு குழுவினரும் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். ஆனால் ஒருங்கிணைப்புப் பயிற்சி செய்தவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். இதயத் துடிப்போ இரு குழுவுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அப்படியானால் வேறுபாடு உடல் எவ்வளவு உழைத்தது என்பதில் இல்லை. எப்படி உழைத்தது என்பதில்தான் இருக்கிறது. கையும் காலும் கண்ணும் சேர்ந்து இயங்க மூளை விழித்திருக்க வேண்டும் அல்லவா? அந்த விழிப்பு சற்று நேரம் தங்குகிறது.

எளிய நடைக்கும் பயன் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது பத்து வயதுச் சிறுவர் சிறுமியர் 20 பேர் 20 நிமிடம் மிதமான வேகத்தில் நடந்த பிறகு, உட்கார்ந்து ஓய்வெடுத்த நாளைவிடக் கவனத் தேர்வில் சரியான விடைகளை அதிகமாகத் தந்தார்கள். வாசித்துப் பொருள் உணர்வதிலும் அவர்கள் மேம்பட்டிருந்தார்கள்.

வலிமைப் பயிற்சியின் வேலை வேறு விதமானது. கனடா நாட்டின் வான்கூவர் நகரில் 65 முதல் 75 வயது வரையுள்ள 155 பாட்டிமார்களைக் கொண்டு ஓராண்டு நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. சிலர் வாரம் ஒரு முறையும், சிலர் இரு முறையும் எடை தூக்கும் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் சமநிலைப் பயிற்சியும் இலேசான உடல் அசைவுகளும் செய்தார்கள். 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் எழுதிக் காட்டி 'மையின் நிறம் என்ன?' என்று கேட்பது போன்ற தேர்வில், எடை தூக்கியவர்களே ஆண்டின் முடிவில் முன்னேறியிருந்தார்கள். மற்ற பிரிவினரிடம் அம்முன்னேற்றம் இல்லை. இளையோருக்குப் பத்து நிமிடப் பந்துப் பயிற்சி உடனே தந்த பலன் ஒன்று. முதியோருக்கு ஓராண்டு வலிமைப் பயிற்சி மெல்லத் தந்த பலன் மற்றொன்று. ஒரு மருந்து எல்லா நோய்க்கும் ஆகாதது போல ஒரு பயிற்சி எல்லாப் பயனையும் தராது.

இவற்றைப் பெரிதுபடுத்திச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. இன்று கயிறு தாண்டினால் நாளை நூற்றுக்கு நூறு என்று எந்த அறிஞரும் கூறவில்லை. ஆய்வில் பங்குகொண்டவர்கள் சிலரே, பலனும் அளவானதே. மூச்சு முட்ட ஓடிவிட்டு உடனே புத்தகத்தைத் திறந்தால் கவனம் குறையவும் கூடும். மிதமாகச் செய்தால் விழிப்பு, மிஞ்சிச் செய்தால் சோர்வு. 'அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு' என்பது இதற்கும் பொருந்தும். நாங்கள் கேட்பது, பி.டி. பீரியடு படிப்பின் பகையன்று, துணை என்று ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான்.

கவனமும் சமநிலையும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல என்பதற்கு நம் வீட்டுப் பாட்டியே சாட்சி. நடந்துகொண்டிருக்கும் பாட்டியிடம் ஏதாவது கேட்டால் சில வேளைகளில் நின்றுவிட்டுத்தான் பதில் சொல்வார். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1997இல் இதையே ஆராய்ந்தார்கள். பேசும்போது நடையை நிறுத்திவிடும் முதியோர், பேசிக்கொண்டே நடப்பவர்களைவிடப் பின்னாளில் அதிகமாக விழுகிறார்கள் என்று கண்டார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் செலவாகிவிட்டால் பேச்சுக்கு மிச்சம் இல்லை! இளமையில் கால்களைப் பழக்கிவைத்தால் முதுமையில் கவனத்தை வேறு வேலைக்குச் செலவிடலாம். எலும்புகள் உறுதி சேர்த்துக்கொள்ளும் முக்கியமான காலமும் பெண்களுக்கு இந்த வயதுதான். இந்த வயதில்தான் நம்மை 'பெரிய பெண்ணாகிவிட்டாய், குதிக்காதே' என்று உட்காரவைக்கிறார்கள்.

இளம்பிள்ளை தறிகளின் ஊர். இங்கு நெய்யும் சேலைகளைத் தமிழ்நாடெங்கும் வாங்குகிறார்கள். ஆகவே, 'எங்கள் பிள்ளைகள் வீட்டில் செய்யும் வேலையே உடற்பயிற்சிதானே' என்று பெற்றோர் கூறுவதில் உண்மை இல்லாமல் இல்லை. கைத்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரைப் பாருங்கள். கால்கள் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கின்றன. கை நாடாவை ஓட்டுகிறது. மறு கை பலகையை அடிக்கிறது. கண் அறுந்த இழையைத் தேடுகிறது. கையும் காலும் கண்ணும் சேர்ந்த இந்த ஒருங்கிணைப்பை ஜெர்மனிக்குப் போய்த்தான் கற்க வேண்டும் என்பதில்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் பாவைப் பார்த்த பார்வையிலேயே ஓர் இழை குறைவதைக் கண்டுபிடிக்கும் கவனம் படைத்தவர்கள்.

ஆனால் தொழில் வேறு, பயிற்சி வேறு. தறியில் ஒரே அசைவு நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. விசைத்தறி ஓட்டுபவர்களுக்கு நீண்ட நேரம் நிற்பதும் இரைச்சலுமே மிச்சம். மாலையில் நாம் தார் சுற்றினாலும் உட்கார்ந்த இடத்திலேயே தோளும் முதுகும் நோகின்றன. சில தசைகள் அளவுக்கு மீறி உழைக்கின்றன, சில உறங்கிக்கிடக்கின்றன. வீட்டு வேலையை உலக சுகாதார நிறுவனமும் உடல் உழைப்பாகவே கணக்கிடுகிறது. எனினும் 5 முதல் 17 வயது வரையுள்ளோர் சராசரியாக நாள்தோறும் 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடல் உழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் 3 நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்றும் அந்நிறுவனம் 2020இல் அறிவுரை கூறியது. உலகெங்கும் 11 முதல் 17 வயதுள்ளோரில், 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி, போதிய உழைப்பு இல்லாத ஆண்பிள்ளைகள் நூற்றுக்கு 78 பேர். பெண்பிள்ளைகள் நூற்றுக்கு 85 பேர். இங்கும் நாம்தான் பின்தங்கியிருக்கிறோம்!

உடற்பயிற்சி வகுப்பு ஒரு பிள்ளையின் வாழ்வை எப்படி மாற்றும் என்பதற்கு நம் சேலம் மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவை அறியாதவர் யார்? ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து மோதி அவர் வலது கால் சிதைந்தது. பள்ளியில் அவர் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடினார். அவருடைய திறமையைக் கண்ட உடற்கல்வி ஆசிரியர் உயரம் தாண்டும்படி ஊக்கப்படுத்தினார். 2016இல் ரியோ நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பிறகு 2021இல் டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிசில் வெண்கலம். ஓடிவந்து, ஒரு காலின் வலிமையில் எழும்பி, நடுவானில் உடலைத் திருப்பிக் கம்பியைக் கடப்பதற்கு எத்தனை வலிமை, எத்தனை சமநிலை, எத்தனை கவனம் வேண்டும்! அந்தப் பள்ளியில் விளையாட்டு நேரத்தில் எல்லோரையும் வகுப்பில் உட்காரவைத்திருந்தால் அந்தத் திறமையை யார் கண்டிருப்பார்கள்?

பதக்கம் எல்லோருக்கும் கிடைக்காது. அதற்காக நாங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் பெண்களால் ஆகாது என்ற பேச்சுக்கு மட்டும் இடமில்லை. 2025 ஜனவரியில் புதுதில்லியில் முதன்முறையாக நடந்த கோ-கோ உலகக் கோப்பையை இந்தியப் பெண்கள் அணி வென்றது. மண் தரையும் இரண்டு கம்பங்களும் இருந்தால் ஆடக்கூடிய நம் நாட்டு விளையாட்டு அது! உட்கார்ந்த நிலையிலிருந்து சட்டென எழுவதும், திசை மாறுவதும், 'கோ' என்ற ஒலிக்குக் காதைத் தீட்டிக் காத்திருப்பதும் அதில் உண்டு. தசைக்கும் கவனத்துக்கும் ஒன்றாக வேலை கொடுக்கும் ஆட்டம்.

நம் பாட்டிமார் ஆடிய ஆட்டங்களையும் எண்ணிப் பாருங்கள். பாண்டி ஆட்டத்தில் ஒற்றைக் காலில் நொண்டிக் கோட்டை மிதிக்காமல் சில்லைத் தள்ள வேண்டும். கயிறு தாண்டுவதில் கைச்சுழற்சியும் கால் எழும்பலும் ஒரு தாளத்தில் சேர வேண்டும். அஞ்சாங்கல்லில் மேலே போன கல்லைப் பார்த்துக்கொண்டே கீழே உள்ள கல்லை அள்ள வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இன்று ஒருங்கிணைப்புப் பயிற்சி என்று பெயரிட்டு அளப்பதை நம் முற்றங்கள் பெயரில்லாமலே செய்துவந்தன. அந்த இடத்தை இப்போது கைப்பேசி பிடித்துக்கொண்டது.

குறை கூறுவதோடு நிறுத்தினால் பயனில்லை. ஆகவே சில வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும்: பத்தாம் வகுப்பின் இரண்டு பி.டி. பீரியடுகளையும் பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரம் வரை எங்களுக்கே விட்டுவைக்க வேண்டுகிறோம். அந்நேரத்தில் வரிசையில் நின்று கையை உயர்த்தித் தாழ்த்துவதோடு முடிக்காமல் மூன்று பகுதியாகப் பிரிக்கலாம். கை கால்களைச் சற்று அசைத்து உடலைச் சூடாக்கிய பின், முதல் பத்து நிமிடம் சமநிலை: ஒற்றைக் காலில் நிற்றல், சுண்ணாம்புக் கோட்டின்மேல் குதிகாலும் விரலும் தொட நடத்தல், பாண்டி. அடுத்த பத்து நிமிடம் வலிமை: மெல்ல உட்கார்ந்து எழுதல், சுவரில் கைவைத்துத் தண்டால், படியில் ஏறி நிதானமாக இறங்குதல், நாற்காலியில் அமர்ந்தது போல் சுவரில் சாய்ந்து அசையாது நிற்றல். இதில் தசையின் மூன்று வகை வேலையும் அடங்கிவிடும். கடைசிப் பத்து நிமிடம் கோ-கோ, எறிபந்து அல்லது கயிறு. செலவு என்ன? ஒரு கயிறும் சுண்ணக்கட்டியும் பழைய பந்துகளும்தான். மாதத் தேர்வு நாளன்று மணி அடிக்கும் முன் பத்து நிமிடம் இரு கைகளாலும் மாற்றி மாற்றிப் பந்து பிடிக்க எங்களை அனுமதித்துப் பாருங்கள். உடல்நலமில்லாதவர்களையும் இரத்தசோகை, ஆஸ்துமா உள்ளவர்களையும் வற்புறுத்தாமல் இயன்ற அளவு செய்யவிட்டால் போதும்.

அன்புள்ள பெற்றோருக்கு: மாலையில் அரை மணி நேரம் பெண் பிள்ளை விளையாடினால் படிப்பு கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம். மூன்று மணி நேரம் புத்தகத்தின் முன் உட்கார்ந்தவள் மூன்று மணி நேரமும் படித்தாள் என்று பொருள் அல்ல; இது உங்களுக்கும் தெரியும். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். தம்பிக்குக் கிடைக்கும் தெருவும் மைதானமும் எங்களுக்கும் கிடைக்கச் செய்யுங்கள்.

தோழியரே, நமக்கும் கடமை உண்டு. பி.டி. பீரியடு கிடைத்தால் மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிவிட்டு, 'எங்களுக்கு விளையாட்டு நேரமே இல்லை' என்று புலம்புவது நேர்மையாகாது. வெயிலில் கறுத்துவிடுவோம் என்று ஒதுங்குவதும் வேண்டாம். விளையாடத் தெரியாதவளைக் கேலி செய்யாமல் சேர்த்துக்கொள்வோம். அவளுக்கே அது அதிகம் தேவை.

சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கி நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. உடற்கல்வியும் கல்வியே என்று அன்றே இம்மண்ணில் ஏற்றுக்கொண்டார்கள். நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. கால அட்டவணையில் ஏற்கெனவே எழுதியிருக்கும் அந்த இரண்டு கட்டங்களைத்தான் கேட்கிறோம். அவற்றைக் கொடுங்கள், நேராக நிற்கவும், கூர்ந்து கவனிக்கவும் கற்றுக்கொண்டு, கொடுத்த நேரம் வீணாகவில்லை என்று எங்கள் படிப்பிலும் காட்டுகிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி